தாளில் நான் எழுத மறுத்த சொல்

இலண்டனில் வாழும் மகளையும் பேத்தியையும் காணப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அங்கே ஒரு தேநீரின் விலைக்குத் தென்காசியில் இருவர் வயிறார உண்ணலாம் என்று கேள்வியுற்றதால், இருபது நாள் கைச்செலவைப் பிள்ளையார் சுழியிட்டுத் தாளில் எழுதினேன். பேருந்துக்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு என்று நான் வாசித்து முடித்ததும் எதிரில் அமர்ந்திருந்த என் மனைவி கேட்டாள்.

"மேலுக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதலையா?"

"சுழி போட்ட தாள்ல அத எழுதச் சொல்லுதியே, ஏட்டி! வாயக் கழுவு."

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் மாடிப்படியில் பாதியில் நிற்கலானாள். இடது தோளைத் தேய்த்துக்கொண்டாள். கேட்டால், "வாயு" என்பாள். நம்பினேன். நம்புவதற்குச் செலவில்லை.

புறப்பட நான்கு நாள்கள் இருக்கையில் குற்றாலம் சென்றோம். சாரல் குளிரிலும் அவள் முகம் வியர்த்தது. அருவிக்குச் செல்லும் வழியில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறே சரிந்து அமர்ந்தாள்.

"எத்தன நாளா வலிக்கி?" என்றேன்.

"நீங்க கணக்கு எழுதுததுக்கு முந்தியே. சொன்னா போவேண்டாம்னுருவிய. பேத்தியப் பாக்கணும்லா."

"இந்த நெஞ்சோட ஏரோப்ளேன் ஏறியிருந்தா, எறங்கியிருக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார் அன்றே மருத்துவமனையில் அவளைச் சோதித்த மருத்துவர்.

பயணம் நின்றது. அவள் பிழைத்தாள், மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் இன்னும் அனுமதியில்லை.

எழுதினால் தீங்கு வருமென்று அஞ்சினேன். அது முன்னரே வந்து, என் எதிரில் அமர்ந்து, தனக்கும் ஒரு வரி கேட்டிருக்கிறது.