அஞ்சலை அக்கா சொன்னதும் அம்மா சொல்லாததும்

போன மாதம் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் என் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலில் வந்தவளுக்குக் குடிக்க ஏதாவது கொடு என்று அவன் சொல்ல, அவன் மனைவி குளிர்பெட்டியைத் திறந்து, நுரைக்கும் தண்ணீர் ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொண்டுவந்தாள். சோடா என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டேன். நாக்கு சுருண்டுகொண்டது. "டானிக் வாட்டர் அத்தை. கொஞ்சம் கசக்கும், ஆனா நல்லா இருக்கும் லா," என்றாள்.

எனக்கே அந்தக் கசப்பை அறிமுகப்படுத்துகிறாள், பாவம். அது கொயினா, மலேரியாவுக்குக் கொடுக்கும் மருந்து. குழந்தைப் பருவத்தில் நான் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக அதிகம் குடித்தது அதைத்தான்.

அப்போது நாங்கள் இருந்தது மலாயாவில், காஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், பெரியவர் சிறியவர் எல்லாரும் வரிசையில் நின்று கொயினாத் தண்ணீரை விழுங்கியாக வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து நம் பெயரைச் சொல்ல வேண்டும். வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போய்த் துப்புகிறவர்களைப் பிடிக்க அந்த ஏற்பாடு. நான் கிராணி மகள். அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அதனால் எனக்கு மட்டும் ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும். மற்றப் பிள்ளைகள் என் வாயையே பார்ப்பார்கள். வெல்லத்தைவிட அந்தப் பார்வைதான் எனக்கு அப்போது இனித்தது என்று நினைக்கிறேன்.

டானிக் வாட்டரைக் குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி மகனின் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருத்துவம் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். "பாட்டி, நீங்க ஏன் டாக்டருக்குப் படிச்சீங்க? இன்டர்வியூல என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ஏதோ சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். உங்களிடம் முழுதாகச் சொல்லலாம். உங்களுக்கு அவசரம் இல்லை, எனக்கும் இல்லை.

உண்மையில், முதலில் என்னை இழுத்தது நோயாளிகளும் இல்லை, சேவையும் இல்லை. வாசனைதான். தோட்டம் முழுக்கப் புளித்த ரப்பர்ப் பால் வாடை. ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டிலிருந்து வரும் புகை வாடை துணியில், தலைமுடியில், சோற்றில்கூட ஏறியிருக்கும். அதற்கு நடுவே அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் கார்பாலிக் வாசனை. கழுவிக் காய்ந்த தரை. வெள்ளை விரிப்பு. உலகத்திலேயே சுத்தமான இடம் அதுதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அங்கே படுத்திருந்தவர்கள் காய்ச்சலில் உதறிக்கொண்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை. எனக்குச் சோறு வடிக்க வராது என்பதும், நாகப்பட்டினத்தில் எனக்கென்று ஒரு மாமன் மகன் காத்திருந்தான் என்பதும் மற்ற காரணங்கள். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அப்பாவுக்கு ஆங்கிலத்தின்மேல் தீராத ஆசை. ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் என்னைத் தங்கிப் படிக்கச் சேர்த்தார். அம்மாவுக்கு அதில் சம்மதமே இல்லை. விடுமுறைக்கு ரயிலில் குளுவாங் வந்து, அங்கிருந்து தோட்டத்து லாரியில் வீடு வந்து சேர்வேன். வந்ததும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இளைத்துவிட்டாய் என்பார். நான் ஒருமுறையும் இளைத்ததில்லை.

அப்படி ஒரு விடுமுறையில்தான் அது நடந்தது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்.

தோட்டத்துக்கு வாரம் ஒருநாள் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வருவார். அவருக்கும் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்க்க, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் மலையாள டிரெஸர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், மிகுந்த கூச்சக்காரர். பெண்கள் அவரிடம் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவரும் கேட்க மாட்டார். "என்னம்மா செய்யுது?" என்பார். "சோர்வா இருக்கு சாமி," என்பார்கள். அவர் அதை ஆங்கிலத்தில் 'பலவீனம்' என்பார். அதற்கான மருந்து வரும். அந்த வாரம் டிரெஸருக்கே மலேரியா. நடுங்கிக்கொண்டு கிடந்தார். என்ன செய்வது என்று ஆபீசில் யோசித்தபோது, ஆங்கிலம் படிக்கிற என் மகள் இருக்கிறாள் என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். இரட்டைப் பின்னலும் பள்ளிக்கூடச் சப்பாத்துமாக நான் போய் நின்றேன். ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவை சில ஜெபங்களும், மழையைப் பற்றி ஒரு பாட்டும்.

முதலில் வந்தவர் அஞ்சலை அக்கா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூலி ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் குடியிருந்தவர். பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பாலுக்கு மரப்பட்டை சீவ, போவார். இருபது வயதுகூட இருக்காது. ஆனால் மலை ஏறி வந்தவர்போல எப்போதும் மூச்சு வாங்கும். மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவருக்குச் சோம்பேறி அஞ்சலை என்று பெயர் வைத்திருந்தார். அதே பெயரை அவர் வீட்டுக்காரரும் சொல்ல ஆரம்பித்திருந்தார். இன்னொரு மாதம் இப்படியே போனால் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடப் போவதாக வீட்டுக்காரர் லயமே கேட்கச் சொல்லியிருந்தார்.

டாக்டர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். எவ்வளவு நாளாக, எங்கே வலி, என்ன சாப்பிடுகிறீர்கள். கடைசிக் கேள்விக்கு அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்.

"பாப்பா, தொரைகிட்ட சொல்லிறாத. நான் மண்ணு திங்கிறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைகள் மண் தின்று அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் தின்பார்கள் என்று தெரியாது. ஆற்றங்கரையில் ஈர மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வதாகவும், யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்ளாவிட்டால் இருப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று ஒருவர், சொல் என்று ஒருவர். நடுவில் நான்.

"சொன்னாதாங்க அக்கா மருந்து குடுப்பாரு," என்றேன்.

"சிரிக்க மாட்டாரா?"

மாட்டார் என்றேன். அவர் சிரிப்பாரா மாட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். நான் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது எப்படி ஒலித்ததோ. டாக்டர் சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்து வந்து அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்த துணிபோல இருந்தது. குடலில் கொக்கிப் புழு இருக்கிறது, வெறுங்காலில் ஈர மண்ணில் நடக்கிறவர்களுக்கு வருவது, அது இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, மண் தின்னத் தோன்றுவதும் அதனால்தான் என்று எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்கினார். மருந்து எழுதப் போனவர் நிமிர்ந்து, முதலில் அவளிடம் ஒன்றைச் சொல், அவள் சோம்பேறி இல்லை என்று சொல் என்றார். மண்டோர் வைத்த பெயர் அவர் காதுவரை போயிருக்கிறது.

"அக்கா, நீங்க சோம்பேறி இல்லையாம்," என்றேன்.

அஞ்சலை அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அதற்கு முன்பும் பிறகும் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஒரு வாக்கியம் ஒருவரை அப்படி உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. அந்த வாக்கியம் என்னுடையதுகூட இல்லை. நான் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

புழு மருந்தும், கறுப்பாக இருக்கும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார்கள். அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது அக்கா தலையில் விறகுக் கட்டோடு லயத்துப் பாதையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெண்கள் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. பாப்பா, தொரைகிட்ட இதைக் கேட்டுச் சொல்லு என்பார்கள். அவர்கள் சொன்னதில் பாதிக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் வயதான கன்னியாஸ்திரி ஒருவரிடம் போய், கர்ப்பப்பைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொல்லித்தந்தார். அவருக்கு என் நன்றி.

பள்ளிப் படிப்பு முடிந்தது. சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. அதே சமயம் நாகப்பட்டினத்திலிருந்து மாமன் மகனுக்கு என்னைக் கேட்டும் பேச்சு வந்தது. நல்ல பையன்தான். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ரசத்தை உறிஞ்சிய சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது என்று நான் சொல்லப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா, உங்க அம்மா சரின்னா சரி என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா முடியாது என்றார். வயசுப் பெண் ஆண்களோடு உட்கார்ந்து பிணம் அறுக்கவா என்றார்.

எப்படியோ செய்தி லயத்துக்குப் போய்விட்டது. ஒரு மாலை அஞ்சலை அக்கா இடுப்பில் தன் மகனோடு பின்வாசலில் வந்து நின்றார். லயத்துப் பெண்கள் கிராணி அம்மாவிடம் எதிர்நின்று பேசுகிற வழக்கம் அன்று இல்லை. அவர் பேசினார்.

"அம்மா, பாப்பாவ அனுப்புங்க. எங்களுக்கு வாய் இருக்கு, சொல்றதுக்கு ஆளு இல்ல. பொம்பள டாக்டரு ஒருத்தர் இருந்தா நாங்க ஏன் செத்துப் போறோம்?"

அம்மா, காப்பி குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். அதுவும் வழக்கத்தில் இல்லாத ஒன்று.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். முகம் எனக்குத் தெரியாது, கை மட்டும் நின்றுவிட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒன் தம்பி பொறந்ததுலேர்ந்து எனக்கு அடி தள்ளியிருக்கு. ஒங்க அப்பாவுக்குக்கூடத் தெரியாது. துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் நடக்குறேன். யார்கிட்ட போய்க் காட்டுறது? நீ போய்ப் படி. நீ வர வரைக்கும் தாங்கும்."

கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுவதைப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். தம்பிக்கு அப்போது எட்டு வயது. அம்மா மெதுவாக, அடி எடுத்து வைத்து நடப்பதைத் தோட்டத்தில் எல்லாரும் சிலாகிப்பார்கள். கிராணி அம்மா நடையே தனி என்பார்கள். நானும் கண்ணாடி முன் அதேபோல நடந்து பழகியிருக்கிறேன். அன்று மத்தியானம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அம்மா நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அவர் பின்னி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் சேர என்னைக் கேள்வி கேட்ட பேராசிரியர், ஏன் மருத்துவம் என்று கேட்டார். மனிதகுலத்துக்குத் தொண்டு என்று மனப்பாடம் செய்து போயிருந்தேன். வாயைத் திறந்ததும் அஞ்சலை அக்காவின் கதை வந்துவிட்டது. என்ன மாதிரி மண் என்று அவர் அக்கறையாகக் கேட்டார். ஆற்றங்கரை மண், மழை பெய்த வாசனை இருக்குமாம் என்றேன். இடம் கிடைத்தது.

முதல் நாள் பிணக்கூடத்தில் நான் மயங்கவில்லை, ஆறடி உயர மாணவன் ஒருவன் மயங்கினான். அந்தப் பெருமை மாலைவரை இருந்தது. இரவுச் சாப்பாட்டில் ஆட்டுக்கறியைப் பார்த்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் சைவம்.

பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போன வருடம், அம்மாவுக்கு இருந்ததைப் பாடமாகக் கேட்டேன். இதற்கு அறுவை உண்டு, பெரும்பாலும் குணமாகும் என்று எங்கள் ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். எனக்கு எழுத்து மறைத்தது. வகுப்பு முடிந்ததும் அவரிடம் ஓடினேன். நீ படித்து முடிக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், அழைத்து வா, நான் பார்க்கிறேன் என்றார். அம்மா வந்தார். அப்பாவிடம் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா சிகிச்சை அறைக்கு வெளியே, முந்தாநாள் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

உடம்பு தேறி ஊர் திரும்பும் நாளில் ரயில் நிலையத்தில் அம்மா என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் ஓட வேண்டியிருந்தது. அம்மா இவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி நின்று, "இதுக்காடி இத்தன வருசம் பயந்துகிட்டு இருந்தேன்," என்றார். சிரித்தார். நான் பட்டம் வாங்கியது பிறகுதான். ஆனால் டாக்டரானது அன்று அந்த நடைமேடையில் என்றுதான் எனக்குள் கணக்கு.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த இடம் எது, லயம் இருந்த இடம் எது என்று போய்த் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அஞ்சலை அக்கா குடும்பம் நான் படித்துக்கொண்டிருந்தபோதே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் டாக்டரானது அவருக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. அந்த ஒன்று மட்டும் மனசில் உறுத்தும். மற்றபடி நிறைவுதான்.

இன்னொன்றும் போய்விட்டது, அந்தக் காதோரக் கிசுகிசுப்பு. நான் நடத்திவந்த கிளினிக்கை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சின்னப் பெண் வந்தாள். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். உட்கார்ந்ததும், எங்கே வலி, எப்போதிலிருந்து, எந்த நாளில் அதிகம், எந்த நிறத்தில் போகிறது என்று தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். கதவு திறந்திருந்தது, வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. குறுக்கே கேட்க எனக்கு எதுவும் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.