திரையில் ஊதாத் திட்டு

எண்பதுகளின் நடுவில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி நானும் என் தங்கையின் கணவரும் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தோம். வீடுகளுக்குப் போய் ஆண்டெனா கட்டுவது அவர் வேலை. பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை. கலர் டிவி அப்போதுதான் வசதியான வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது.

பிக்சர் டியூபுக்குள் மூன்று எலக்ட்ரான் கற்றைகள் பின்னாலிருந்து திரைக்குப் பாயும். டியூபின் கழுத்தில் இருக்கும் காந்த வளையங்களை மயிரிழை திருப்பினால் மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். வெள்ளைக் கோடு அப்பழுக்கில்லாமல் வெள்ளையாக விழும்போது எனக்குப் பசிகூடத் தெரியாது.

ஒரு கோடையில் சாலவாக்கம் பக்கத்து வீடுகளில் திரை மூலையில் ஊதாத் திட்டு விழ ஆரம்பித்தது. செய்தி வாசிப்பவரின் கன்னம் பச்சையாகத் தெரிந்தது. ஏதோ காந்தம் கற்றையை இழுக்கிறது என்று புரிந்தது. எங்கிருந்து என்றுதான் புரியவில்லை. பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று தேடினேன், பெட்டியைத் திசை மாற்றி வைத்தேன். கரண்ட் கொடுத்த கம்பிச் சுருளைத் திரைக்கு முன்னால் சுற்றிக்கொண்டே மெல்லப் பின்வாங்கினால் திட்டு கரைந்துவிடும். சில வாரத்தில் மறுபடி கூப்பிடுவார்கள்.

"எங்க மச்சான் கைபட்டாத்தான் சரியாவும்" என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் சொல்வார். எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு நாள் வேலை முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா கேட்டார்: "ஆண்டெனா திருப்ப வர்றப்பலாம் உங்க மாப்ள ஒரு வட்டக் காந்தத்த பொட்டி மேல வச்சித் தேய்ச்சிக்கினு இருப்பாரே, அதையும் நீங்களே செய்யக் கூடாதா?"

டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்கு வந்து அவருடைய பையைத் திறந்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், துணியில் சுற்றி இருந்தது.

"இன்னா மாப்ள இது?"

அவர் மறைக்கவில்லை. "வேல வரணுமில்ல மச்சான். யாருக்கு இன்னா நஷ்டம்? நீ போனா சரியாயிடுது."

அன்றே தொழிலில் அவரைப் பிரிந்தேன். தங்கையிடம் சொன்னபோது அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்ண்ணே. உங்கிட்ட சொன்னா நீ கடைய மூடிடுவேன்னுதான் சொல்லல."

அவர் செய்ததைவிட அதுதான் என்னை உடைத்தது. அத்தனை மாதமும் அவள் வீட்டில் சாப்பிட்டபடி, திட்டு எப்படி வருகிறது என்று அவளிடமே விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு நான் அந்த வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், காபி கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர்களில் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.