பேசி முடிக்கிற ஆச்சி

காபி வந்த பிறகுதான் மீனாள் ஆச்சி எந்தப் பெண்ணையும் அழ விடுவார். அதற்கு முன்பே கண் கலங்கினால், "இரு ஆத்தா, ரெண்டு வாய் குடிச்சுட்டு அழு. நெஞ்சடைக்கும்" என்பார். மேசை மேல் கிடக்கும் விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டார். கேட்டு முடித்ததும் தாமும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது நடிப்பில்லை. ஆச்சிக்கு உண்மையிலேயே இளகிய மனசு.

காரைக்குடிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர் அவர். மாணவிகளுக்கு வரும் பாலியல் தொந்தரவுகளை விசாரிக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். முதல்வர் காசிவிஸ்வநாதன் முதல் காவலாளி வரை செட்டிநாட்டு வழக்கப்படி அவரை ஆச்சி என்றே அழைப்பார்கள்; பிள்ளைகளுக்கு மட்டும் மேடம். செக்காலை வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் ஓட்டுநரின் தங்கைக்கு ஒரு வரன் சொல்லிவிடுவார். எந்தச் சண்டையானாலும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிற குடும்பத்தில் வளர்ந்தவர். புகாரையும் அப்படித்தான் முடிப்பார். பெண் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஒங்க அம்மா நம்பர் சொல்லுத்தா."

அம்மா வந்தால் புகார் போய்விடும். இது ஆச்சிக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையின் பெயர் கெடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவார். முதல்வருக்கு அதைவிடச் சௌகரியம். "நம்ம காலேஜ்ல ஒரு புகார் வந்ததில்ல" என்று விழாவுக்கு விழா மார்தட்டுவார். ஆச்சியும் மேடையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

போன ஐப்பசியில் ராஜப்ரியா வந்தாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. நெற்குப்பைப் பக்கம் தச்சு வேலை செய்பவரின் மகள். பேராசிரியர் ஸ்ரீநிவாசன் ஆய்வக ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட அவளை மட்டும் கடைசியாக நிறுத்திவைப்பாராம். மற்றவர்கள் போனதும் அவர் கை அவள் இடுப்புக்கு வருமாம். அவள் தட்டிவிட்டபோது, "இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்கு" என்று சிரித்தாராம்.

இந்தப் பெண் அழவில்லை. காபி ஆடை படிந்து கிடந்தது.

"எழுதித் தாரேன் மேடம். அவரைக் கூப்பிட்டு விசாரிங்க. எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

"எழுத்தெல்லாம் இப்ப எதுக்கு? அம்மா வரட்டும், பேசுவோம்."

"அம்மா வேணாம் மேடம். தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாக."

"நான் சொன்னாக் கேப்பாக. நீ கிளாஸுக்குப் போ."

பதினெட்டு தாண்டிய பெண். புகார் அவளுடையது, விசாரணை வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். இது ஆச்சிக்குத் தெரியாதா? ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் மைக் பிடித்துச் சொல்பவரே அவர்தான். ஆனாலும், அம்மா வேண்டாம் என்று எந்தப் பிள்ளைதான் சொல்லாது என்று நினைத்துக்கொண்டு, அலுவலகத்தில் நம்பர் வாங்கிப் போனைப் போட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள் தாய் சோணையம்மாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சி சொன்னதைக் கேட்டாள். ஸ்ரீநிவாசனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளைக் கையோடு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு ராஜப்ரியா வகுப்புக்கு வரவேயில்லை.

ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நெற்குப்பைக்குப் போனார். இதையும் பேசி முடித்துவிடலாம் என்றுதான் போனார். சோணையம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய தெரியாம மானத்தக் காப்பாத்திக் குடுத்தீக ஆச்சி. அவுக அப்பாவுக்குக்கூடச் சொல்லல. மாப்பிள்ளை சிங்கப்பூர்ல இருக்காரு. தையில கல்யாணம்."

"படிப்பு முடியட்டுமே சோணையம்மா..."

"இனிமே அங்குட்டு எப்புடி அனுப்புறது? நீங்களே சொல்லுங்க."

தண்ணீர்ச் செம்போடு வந்த ராஜப்ரியா அதை ஆச்சி முன்னால் வைத்தாள். அம்மா பழத்தை உள்ளே கொண்டுபோன நேரம் பார்த்துப் பேசினாள்.

"எங்கம்மாட்ட சொல்ற விசயமா இருந்தா நானே சொல்லிருப்பேன் மேடம். ஒங்ககிட்டல்ல வந்தேன்."

உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண்ணின் படிப்பை மண்ணாக்கியது ஸ்ரீநிவாசனின் கை மட்டுமில்லை என்று ஆச்சிக்கு உறைத்துவிட்டது.

அடுத்த நாள் நேரே முதல்வர் அறைக்குப் போனார். "ஸ்ரீநிவாசனை விசாரிக்கணும்" என்றார்.

முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு புகார் குடுத்திருக்கா ஆச்சி? பிள்ளையே நின்னுருச்சு. நீங்கதானே அழகாப் பேசி முடிச்சு விட்டீக?" அவர் குத்திக்காட்டவில்லை. மனமாரப் பாராட்டினார்.

ஆச்சி வெளியே வந்தார். தாழ்வாரத்தில் ஸ்ரீநிவாசன் எதிரே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு மாணவிகள், கையெழுத்து வாங்குவதற்காக ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

"வணக்கம் ஆச்சி. சௌக்கியமா இருக்கீகளா?"

பதிலுக்கு வணக்கம் சொல்லக் கூடாது என்றுதான் ஆச்சி நினைத்தார். ஆனால் அந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டே இருக்க, அவருடைய கைகள் இரண்டும் குவிந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன.