அம்மாவின் பாடு

என் நைனா செய்த ரயிலுக்கு முதலில் சுக்கானும் நங்கூரமும் இருந்தன. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் பிறந்து ஏரியிலேயே வளர்ந்த மனிதர் ரயில் செய்தால் வேறு எப்படி இருக்கும்? கல்யாணமாகி அம்மாவை அழைத்து வந்த அன்றைக்குத்தான் அவர் முதன்முதலில் ரயிலில் ஏறினார். அம்மா ஊரான கவரப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனே நாங்கள் இறங்கும் பொன்னேரிதான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தூங்கிவிட்டாராம். புதுப்பெண் தட்டி எழுப்பி இறக்கியிருக்கிறாள்.

அம்மாவுக்கு ரயில் அப்படியல்ல. அவளுடைய அப்பா வலையை விட்டுவிட்டு ரயில்வேயில் கேட்காரராகப் போனவர். கவரப்பேட்டை பக்கத்தில் கேட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறை வீட்டில்தான் அம்மா வளர்ந்தாள். அவருக்குப் பிறகு அதே கேட்டில் மாமா வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஆனாலும் அம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே திடீரென்று நிமிர்ந்து, "இப்ப கேட்டு போடுவாங்க" என்பாள். எந்தக் காற்று அடித்தாலும் எங்கள் ஊருக்கு ரயில் சத்தம் கேட்காது. அவளுக்கு மட்டும் எங்கிருந்து கேட்டதோ தெரியாது. கரண்டி நின்றுவிடும், கஞ்சி அடிப்பிடிக்கும், நைனா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வந்து போனால்தான் ஏரியில் இறால் இருக்கும். அது நின்றதும் ஏரி வெறும் உப்புக் குட்டையாகிவிட்டது. மாசக்கணக்கில் வலைகள் பரணில் கிடந்தன. சில பேர் மூட்டை தூக்க மெட்ராஸுக்குப் போனார்கள், சில பேர் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் வாரப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மதியம் போடும் சோற்றில் பாதியைத் தட்டோடு மூடி நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கொண்டுவரும்போது வழியில் ஒரு வாய் தின்றுவிடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அது தெரியும், கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பொங்கல் முடிந்ததும் மச்சான் வந்தால் சேர்த்துவிடலாம், கேட் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாகிறது என்று எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாளோ, மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. நைனா, "பாக்கலாம்" என்றார். எங்கள் நைனாவின் 'பாக்கலாம்' என்னவென்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் கஞ்சி அடிக்கடி அடிப்பிடிக்க ஆரம்பித்தது.

நைனா சும்மா உட்காரத் தெரியாதவர். ஒருநாள் உடைந்த படகுப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டுச் செதுக்க ஆரம்பித்தார். ரெண்டு நாள் கழித்து அதை அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"ஏம்மே, எப்பப் பாரு ரயிலு ரயிலுன்னு கெடந்தியே. இந்தா, ஊட்டுக்கே வந்துடுச்சி."

அம்மா குனிந்து பார்த்தாள். பின்னால் சுக்கான் இருந்தது. முன்னால் ஒரு கொக்கியில் நைலான் கயிறு கட்டி, அதன் நுனியில் விரல் நீளத்துக்குக் கம்பி நங்கூரம் தொங்கியது.

"இது இன்னாத்துக்கு?"

"கட்டிப் போடலன்னா ஓடிடாதா?"

அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. நைனாவும் பார்த்திருக்கமாட்டார் போலிருக்கிறது. அன்றைக்கே அவருக்கு ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது.

சுக்கானை எடுத்தார். நங்கூரத்தை எடுத்தார். கயிற்றை மட்டும் எடுக்கவில்லை, இழுப்பதற்கு வேண்டுமே. அம்மா கரித்துண்டால் தரையில் வரைந்து காட்ட, ஒவ்வொரு பெட்டியாகச் செய்தார். ஜன்னல் வைத்தார், படி வைத்தார். கடைசிப் பெட்டியில் கார்டு நிற்க ஒரு இடம் வேண்டுமென்று அம்மா சொன்னதும் செய்த பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தார். மூங்கிலைச் சீவித் தண்டவாளம் போட்டார். வேலையில்லாத ஆம்பளைகள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்து, எஞ்சினுக்குப் புகைபோக்கி முன்னாலா நடுவிலா என்று சண்டை போட்டார்கள். அடுப்பில் ஒன்றுமில்லாத வீட்டில் அந்த மாதிரி கலகலப்பு நான் பிறகு பார்த்ததில்லை.

ரயில் தயார். ஆனால் அதை ஓட்ட இடமில்லை. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் மணல்தான், தண்டவாளம் போட்டால் புதைகிறது. நைனா யோசித்து யோசித்துக் கடைசியில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய ரெண்டு கல்தூண். உள்ளே ஆள் நீளத்துக்கு மேல் பெரிய பெரிய கருங்கல் பலகைகள், நடுவில் எழுத்தும் கப்பலும் செதுக்கி, ஓரத்தில் வழவழவென்று. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்குக் கடல் தாண்டி வந்து இங்கேயே செத்துப்போனவர்கள். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு, "தொரே, கொஞ்சம் சத்தம் வரும், கோச்சிக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலை வைத்தார்.

ரயிலை யார் இழுப்பது என்று பிள்ளைகளுக்குள் அடிதடி. நைனா அதற்கும் ஏரி வழக்கத்தையே கொண்டுவந்தார். இறால் நன்றாக விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை போடமுடியாது. சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். யாருக்கு எந்த நாள் விழுகிறதோ அன்றைக்கு அவருக்குப் பாடு. அடுத்தவர் பாடு நாளில் வலை இறக்கியவனை ஊர்க் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பார்கள். அதே மாதிரி ரயிலுக்கும் சீட்டுப் போட்டார். எனக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு.

அம்மா தன் பாடு முறையை ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கல்லறை ஓரத்தில் உட்காருவாள், அவ்வளவுதான். அவள் இழுக்காத வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்று நைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ரயில் சும்மாவே நிற்கும். எனக்கு வயிறு எரியும். ஒருமுறை அவள் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே, "இதுங்களும் ஊருக்குப் போவணும் போவணும்னு நெனச்சிக்கினே செத்துதுங்களோ இன்னாவோ" என்றாள். செத்தவர்களைப் பற்றி எனக்கென்ன, வண்டி சும்மா நிற்கிறதே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்த மரச் சக்கரங்கள் சரியில்லை, கோணிக்கொண்டு ஓடின. ஒருநாள் நைனா புதுச் சக்கரங்களோடு வந்தார். ஈயத்தை உருக்கிச் சோடா மூடியில் ஊற்றி, நடுவில் ஆணியால் ஓட்டை போட்டவை. கனமாக, பளபளவென்று இருந்தன. கல்லின் மேல் இழுத்ததும் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். முகமே மாறிவிட்டது.

"இப்பத்தான் ரயிலு மாதிரி கீது" என்றாள். பிறகு, "ஈயம் ஏதுய்யா?" என்றாள்.

"கெடச்சுது" என்றார் நைனா, அவளைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பரணிலிருந்து வலையை இறக்கினாள். வலை தண்ணீரில் அமிழ வேண்டுமென்றால் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்திருக்க வேண்டும். அந்தக் கயிறு மொட்டையாக இருந்தது. ஒரு குண்டுகூட இல்லை. அம்மா அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். நைனா வாசலிலிருந்தே, "பொங்கல் முடிஞ்சி போலாம். உங்க அண்ணனுக்கு எழுதிப் போடு" என்றார். அம்மா அழுதாள். நல்ல வலையை நாசமாக்கிவிட்டாரே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் பாட்டுப் பாடிக்கொண்டே டிரங்குப் பெட்டியைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது, நான் நிஜ ரயிலில் ஏறப்போகிறேன். குப்பத்தில் ஒரு பிள்ளை விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு மழை வந்தது. காலம் தப்பி வந்தாலும் கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பியதும் ஊரே மண்வெட்டியோடு போய் மணல்மேட்டை வெட்டிவிட்டது, மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போனது. "மொவத்துவாரம் தொறந்துக்கிச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர்கள் கோயில் மணியை அடித்தார்கள். ரெண்டு வாரத்தில் ஏரியில் இறால் துள்ளுவதாகப் பேச்சு. பாடு முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பேரும் பட்டியலில் இருந்தது. முதல் சீட்டே எங்களுக்கு விழுந்தது, சனிக்கிழமை.

நைனா வீட்டில் இதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். "நமக்கு இன்னாத்துக்கு? வேற யாருக்காச்சும் வுட்டுக் குடுத்துடலாம்" என்றார் நைனா, சாதாரணமாக. அன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பாடு. அவன் சின்னவன் என்பதால் நைனாவே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போதே அவர் முகம் ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். வண்டி தண்டவாளத்தைவிட்டு இறங்கி, கல்லைவிட்டும் இறங்கி, மணலில் கவிழ்ந்து வந்தது. பையன் கத்துகிறான். நைனாவுக்குக் கேட்கவில்லை, கயிற்றை இழுத்துக்கொண்டே நடந்தார். நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. என் பாடுதானே? வா."

நம்பவே முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாருமில்லை. அம்மா தண்டவாளத்தை ஒழுங்காக அடுக்கினாள். ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்து வைத்தாள். பிறகு கயிற்றைப் பிடித்து, அவசரமில்லாமல், ஒரே சீராக இழுத்தாள். நாங்கள் யாரும் அப்படி இழுத்ததில்லை. சக்கரம் கல்லில் கடகடத்தது. "மீஞ்சூர்" என்றாள். நிறுத்தினாள், எடுத்தாள். "அனுப்பம்பட்டு." நிறுத்தினாள், எடுத்தாள். "பொன்னேரி." கல்லைச் சுற்றி வந்துகொண்டே இருந்தாள். கடைசியில் நின்றாள்.

"கவரப்பேட்டை. எறங்குறவங்கல்லாம் எறங்குங்க."

நான்தான் பயணி. கல்லின் மேலிருந்து தொப்பென்று குதித்து இறங்கினேன். அம்மா கயிற்றைப் பிடித்தபடி கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எறங்கல?"

"இது என் ஸ்டேஷன் இல்லடி" என்றாள்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த மீன் அரியும் கத்தியை எடுத்தாள். எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு ஆணியை நெம்பினாள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் ரெண்டு பெட்டி முடிந்துவிட்டது. நான் கத்தினேன். மடியைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் அவள் கையைக் கடித்தேன். பல் பதிந்துவிட்டது. அவள் என்னை அடிக்கவில்லை, கழற்றுவதை நிறுத்தவும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து அத்தனை சக்கரத்தையும் வலையின் அடிக்கயிற்றில் கோத்தாள். ஆணி போட்ட ஓட்டை கயிறு நுழைய அளவாக இருந்தது. சாயங்காலம் வந்த நைனா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். டிரங்குப் பெட்டி காலியாக, மூடி திறந்து, மூலையில் கிடந்தது. துணிகள் பழையபடி கொடியில் ஏறியிருந்தன.

"வெள்ளன போவணுமில்ல? சாப்ட்டுப் படுய்யா" என்றாள் அம்மா. நைனா வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த இறாலைக் கூடை கூடையாகத் தூக்கினார்கள். அன்றைக்கு வீட்டில் சோறு, குழம்பு, வறுவல். நான் அம்மாவோடு பேசவில்லை, ஆனால் மூன்று தடவை வாங்கித் தின்றேன். நிஜ ரயிலில் ஏற முடியாமல் போனதும் இருந்த ரயிலும் போனதும் எனக்குப் பெரிய துக்கம். அதற்குப் பழி வாங்காமல் விடக்கூடாது என்று இருந்தேன். பழி வாங்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

கேட்காரர் பொண்ணுக்குத் தன் ஸ்டேஷனே மறந்துபோச்சு, கவரப்பேட்டையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று குப்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் முன்னாலேயே சொன்னேன், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நைனாவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.