ஒக்டோபரில் பூத்த மஞ்சள் பூ

போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை நடந்தது இது. இத்தாலியில், பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்தெருவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன்.

சிஞ்ஞோரா செடிகளை ஆராய்கிறவர். இளவயதில் அமெரிக்கப் பாலைவனத்தில், பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் அலைந்து, ஒரே சாதி மஞ்சள் பூச்செடியைச் சேகரித்தவர். அதை அமத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம் என்று கீழே எழுதி வைத்திருப்பார். ஊரில் ஆடு கடிக்கிற பூண்டு மாதிரித்தான் இருக்கும். இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு விளங்கியதே இல்லை.

அன்று மேசைக்கடியில் கூட்டும்போது தும்புத்தடியில் ஒரு காய்ந்த பூ வந்தது. நான் மன்னார்க்காரி. கோயிலில் ஆசீர்வதித்துத் தந்த குருத்தோலை காய்ந்து உக்கினாலும் நாங்கள் குப்பையில் போடமாட்டோம். விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்கக் கோயிலில்தான் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் இதையும் வீச மனம் வரவில்லை. மேசையில் கிடந்த தாள்களில் ஒன்றில் மட்டும் செடி இருந்தது, பூ இல்லை. அதிலிருந்துதான் கழன்றிருக்கும் என்று பசை தடவி ஒட்டிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

அடுத்த கிழமை சந்தோசத்தில் சிஞ்ஞோராவைப் பிடிக்க முடியவில்லை. வசந்தத்தில் மட்டும் பூக்கிற செடி ஒரு பள்ளத்தாக்கில் ஒக்டோபரில் பூத்திருக்கிறதாம், இத்தனை காலம் தான் கவனிக்கவில்லையாம். கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டார். அவர் காட்டிய தாளின் கீழே ஒக்டோபர் என்று எழுதியிருந்தது, மேலே இருந்தது நான் ஒட்டிய பூ!

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"பேசாமல் இரும். வேலை போனா இங்க இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க என்னத்தைக் காட்டுறது?" என்றார்.

அதுவும் சரிதான். ஒரு பூ எந்த மாதம் பூத்தால் யாருக்கு என்ன? ஆனால் அந்த மனுசி சந்தோசமாகப் பிழையை எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று தூசி தட்ட என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் தெரிந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எந்தத் தாளிலிருந்து விழுந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். போகச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவரோ பூவை மெல்ல நனைத்துக் கழற்றி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, அதே தாளின் மூலையில் ஒட்டினார். இது எங்கே பூத்தது என்று தெரியாது, இன்னார் மேசைக்கடியில் கண்டெடுத்து இங்கே ஒட்டினார், அவரே வந்து சொன்னார் என்று ஒரு துண்டில் எழுதினார். என் பெர்மெஸ்ஸோவை வாங்கிப் பார்த்து முழுப் பெயரையும் போட்டார். எழுதிய கட்டுரையைக் கிழித்தார். பிறகு எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார்.

"பிழை விட்டதுக்கும் பேர் போடுவினமோ? இது மரியாதையோ அவமானமோ?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"வேலையால நிப்பாட்டேல்லை" என்றேன்.

அந்தத் தாளை நூறு வருடம் கழித்தும் செடி ஆராய்கிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்களாம், சிஞ்ஞோரா சொன்னார். இந்த ஊரில் நான் இருந்ததற்கு அப்போது மிஞ்சப்போவது அந்தத் துண்டு மட்டும்தான். அதில் நான் விட்ட பிழையும் இருக்கிறது, நான் வாய் திறந்ததும் இருக்கிறது. அந்த மேசையடியைக் கூட்டும்போது வருவது வெட்கமா பெருமையா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.