மொட்டை கொடுத்து வாங்கிய கம்பெனி

சம்பத் என் சின்ன அண்ணன் மகன். அச்சரப்பாக்கத்தில் மூன்று வேன் ஓட்டுகிறான். மூன்றும் அவன் அம்மா சந்திரம்மா பேரில் இருக்கின்றன. அவள் பாகத்து நிலத்தை விற்று வாங்கியவை. இது ஞாபகம் இருக்கட்டும்.

கல்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸில் ஆட்களை ஏற்றி இறக்க டெண்டர் விட்டார்கள். பத்து வருஷத்துக் கம்பெனியாக இருக்க வேண்டும், வண்டிகளும் கம்பெனி பேரில் இருக்க வேண்டும். சம்பத்துக்குக் கம்பெனியே கிடையாது. ஆடிட்டர் ஒருவர் வழி சொன்னார். எப்போதோ பதிந்து, ஒரு நாளும் தொழில் செய்யாத கம்பெனியை வாங்கிவிட்டால், அதன் வயசு நமக்கு வந்துவிடுமாம். ஊரை ஏய்க்கிற வேலை. இவனுக்கு எச்சில் ஊறிவிட்டது.

அப்படி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. என் பெரிய அண்ணன் மகன் உலகநாதன், முட்டுக்காட்டுக்குப் படகு பார்க்க வருகிறவர்களை ஏற்றப் போகிறேன் என்று, தன் அம்மா பேரில் 'சாரதாம்பாள் டிராவல்ஸ்' பதிந்தான். பதினைந்து வருஷமாக ஒரு வேனும் வாங்கவில்லை. விசிட்டிங் கார்டு மட்டும் அடித்தான்.

அந்தச் சாரதாம்பாள்தான், பாகம் பிரிந்த வருஷம் பொதுக் கிணற்று மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள். சந்திரம்மாவின் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கருகியது. தண்ணீர் கேட்கப் போனவள் முகத்தில் சாரதாம்பாள் மண்ணை வாரி எறிந்தாள். நான் பார்த்தேன்.

அவள் செத்தபோது சந்திரம்மா மகனை அனுப்பவில்லை. கருமாதியில் பங்காளிகள் எல்லாரும் மொட்டை போட்டார்கள். சம்பத் முடியோடு எதிர் டீக்கடையில் நின்றான். உலகநாதன் அதை மறக்கவில்லை. கம்பெனி கேட்டு வந்த சம்பத்திடம் சொன்னான்:

"கம்பெனி தானே? எடுத்துக்க. டப்பு வேணாம். ஆடி அமாவாசைக்கு மாமல்லபுரம் வா. எங்கம்மாவுக்குப் போடாத மொட்டைய அங்க போடு. மீசையும் சேத்து."

"இன்னா அண்ணாத்த இது? நான் ரேட்டு பேச வந்தா…"

"இதாண்டா ரேட்டு. வேணாம்னா மளிகைக் கடையில கேட்டுப் பாரு."

சம்பத் போனான். கடற்கரையில் பங்காளிகள் சுற்றி நிற்க, "நல்லா குனிடா" என்று சொல்லிச் சொல்லி உலகநாதன் படம் எடுத்தான். சொன்னபடி மறுநாள் கம்பெனியை எழுதிக் கொடுத்தும் விட்டான்.

சம்பத் தொப்பி போட்டுக்கொண்டு, வேன்களைக் கம்பெனி பேருக்கு மாற்றும் பேப்பரோடு அம்மா முன்னால் வந்தான்.

"யாருக்குடா மொட்ட?"

"திருப்போரூர் முருகனுக்கும்மா."

"முருகன் எப்படா எனக்கு ஓரகத்தி ஆனான்? சொந்தக்காரங்க செல்லுல எல்லாம் உன் படம் வந்துகீது."

அவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எம் மூஞ்சில மண்ணு போட்டவ பேர எங்காசு வண்டில எழுதிகினு ஊரு சுத்தப் போறியா?"

"பேருதானம்மா. வேல கெடச்சா மாத்திக்கலாம்."

"நான் செத்தா போட இன்னா வெச்சிகிற? அதத்தான் அவளுக்குக் குடுத்துட்டியே!"

பேப்பரை அவன் மேலேயே வீசினாள். ஆணியில் தொங்கிய மூன்று சாவியையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், சாரதாம்பாள் மாதிரியே.

டெண்டர் தேதி தாண்டிவிட்டது. பதினைந்து வயசுக் கம்பெனி இப்போது சம்பத்திடம் இருக்கிறது. முடியும் வளர்ந்துவிட்டது. சாவி இன்னும் அவள் இடுப்பில்தான்.