மாதா தங்காத வீடு

அக்டோபர் பிறந்தால் எங்கள் ஜெலுத்தோங் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே சுமந்து போய், அடுத்த வீட்டுப் பீடத்தில் தங்கள் கையால் வைக்க வேண்டும். பிறகு அங்கே எல்லோரும் ஜெபமாலை சொல்வோம். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று லிஸ்ட் போடுவது நான்தான். அதில் வேறு யாரையும் வாய் திறக்க விட மாட்டேன், அவ்வளவு கொழுப்பு எனக்கு.

என் தரை வீட்டுக்கு எதிர் பிளாட்டில் ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு போனில் பேசும் வேலை பார்க்கிறாள். பதினோரு வருடமாக அவள் வீடு என் லிஸ்ட்டில் இல்லை. பாவம், சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி நாளில் நாங்கள் நாலு பேர் மாதாவை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். பத்து நிமிட ஜெபம், ஒரு பிஸ்கட் கூடை, ஒரு போட்டோ. ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பில் லிஃப்டில் இறங்குவேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வருடம் லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் போட்ட அன்றே அவள் கூப்பிட்டாள். தன் வீடு ஏன் இல்லை என்று கேட்டாள்.

“உனக்குச் சிரமம் லா மா. கடைசி நாள் நாங்களே கொண்டு வர்றோம்ல,” என்றேன்.

“வருவீங்கக்கா. கையோட எடுத்துட்டும் போயிடுவீங்க. மாதா என் வீட்டுல ஒரு ராத்திரிகூட தங்கினதில்ல.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் செய்ததற்கு இதுதான் பலனா என்று முணுமுணுத்துக்கொண்டே லிஸ்ட்டைத் திருத்தினேன். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம்: அவளுக்கு அடுத்ததாக என் வீட்டைப் போட்டேன். ரோட்டைக் கடந்தால் போதும், அவளுக்கு அலைச்சல் இல்லை.

அவள் முறை வந்த மாலை, அவள் வீட்டில் பக்கத்து வீட்டு நாற்காலிகளெல்லாம் வந்திருந்தன. ஜெபமாலையை அவளே வழிநடத்தினாள். கடலையும் தேத்தண்ணியும் தந்தாள். யாருக்கும் கிளம்ப மனம் வரவில்லை.

மறுநாள் மாலை மாதாவை மடியில் அணைத்தபடி அவள் வந்தாள். மற்றவர்கள் பாடிக்கொண்டே கூட வந்தார்கள். என் வீட்டுக் கதவுக்கு முன்னால் மூன்று படி. நாற்காலி முதல் படியில் முட்டி நின்றபோதுதான் அந்தப் படிகள் என் கண்ணில் பட்டன. பதினோரு வருடத்தில் அவள் என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு டப்பாவில் சாப்பாடு அனுப்பியிருக்கிறேன். வா என்று கூப்பிட்டதில்லை.

பதறிப்போய்ச் சுரூபத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“நான்தானேக்கா வைக்கணும்.”

நாற்காலியோடு தூக்கிவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்றாள், வெளியிலேயே ஒரு மேசை போடச் சொன்னாள். உள்ளே பூ வைத்துச் சோடித்த பீடத்தை விட்டுவிட்டு, போர்ச்சில் கார் பக்கத்தில் மேசை போட்டேன். அவள் மாதாவைத் தன் கையால் அதில் வைத்தாள். எல்லோரும் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். என் வாசலுக்கு வந்தவளை உள்ளே கூப்பிட எனக்கு வழி இல்லை.